நகராத இடம்

பாப்பாவைக் குளியல் தொட்டியில் உட்காரவைத்துவிட்டுத் துண்டெடுக்கப் போன பரிதி திரும்பி வரவேயில்லை. அடுப்படியில் நின்று நிதானமாகக் காப்பி கலந்துகொண்டிருந்தான். குளியலறையில் குழாய் திறந்தபடி கிடந்தது. மில்லில் அன்று மின்சாரம் போய்விட்டதால் அவன் மனைவி மகிழினி பாதி ஷிஃப்டிலேயே வீடு திரும்பியிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப் பார்த்தபோது தண்ணீர் குழந்தையின் கழுத்துவரை ஏறியிருந்தது. இரண்டு வயது செவ்வந்தி அதை விளையாட்டென்று நினைத்துத் தண்ணீரை அடித்து அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

குழந்தையை வாரி எடுத்துத் துவட்டித் தோளில் போட்டுக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். பரிதி திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

“அதுக்குள்ள வந்துட்டியா? உனக்கும் ஒரு காப்பி போடட்டுமா?”

“பாப்பாவ எங்க விட்டீங்க?”

“உன் தோள்லதான இருக்கா?”

மகிழினிக்குக் கத்தத் தோன்றவில்லை. அவன் பொய் சொல்லவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டப் போனதே அவனுக்குள் இல்லை. கொஞ்ச நாளாகவே அப்படித்தான் இருந்தது. காலையில் சொன்னது மத்தியானம் இருக்காது. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு மறுபடி சாப்பிட உட்காருவான். அதையெல்லாம் அவள் சிரித்தே சமாளித்திருந்தாள். இதைச் சமாளிக்க முடியாது.

பரிதி ஒரு பம்புசெட் கம்பெனியில் வரைபடம் போடுகிறவனாக இருந்தான். ஐந்து வருடங்களுக்கு முன்னால் அவிநாசி சாலையில் ஒரு லாரி அவனுடைய பைக்கைத் தட்டிவிட்டுப் போனது. பிழைத்துக்கொண்டான். ஆனால் புதிதாக நடப்பதை நினைவில் இருத்தும் பகுதி மட்டும் மூளையில் செத்துப்போயிருந்தது. விபத்துக்கு முன்னால் நடந்ததெல்லாம் துல்லியமாக இருந்தது. பின்னால் நடப்பது எதுவும் ஒட்டவில்லை. மருத்துவர்கள் காதுக்குப் பின்னால் எலும்பைத் தோண்டி, காசளவு நினைவு வட்டு ஒன்றைப் பொருத்தினார்கள். அன்று முதல் அவன் வாழ்ந்த ஒவ்வொரு நாளும் அந்த வட்டில்தான் எழுதப்பட்டது. வட்டைச் செய்த நிறுவனம் இரண்டு வருடம் கழித்துக் கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டது. வட்டு பொருத்தப்பட்ட மனிதர்கள் மட்டும் மிச்சமிருந்தார்கள்.

அவர்களுக்கென்று கோயம்புத்தூரில் இருந்தது ஒரே ஆள்தான். காந்திபுரத்தில் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், ஷமீமா ஒரு சர்வீஸ் சென்டர் வைத்திருந்தாள். அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தவள். அது மூடியபின் தெரிந்த வேலையைத் தனியாகச் செய்துகொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். பேச்சில் ஒரு கூச்சம் இருக்கும், கையில் இருக்காது.

பரிதியின் காதுக்குப் பின்னால் காந்த ஒயரை ஒட்டவைத்துத் திரையைப் பார்த்தவுடனேயே அவள் சொல்லிவிட்டாள்.

“டிஸ்க் ஃபுல்லுங்கக்கா. எழுதறதுக்கு எடமில்ல. அதனால புதுசா நடக்கறத எழுதாமயே விட்டுருது.”

“பழசுல கொஞ்சம் அழிக்க முடியாதா?”

“எத அழிப்பீங்க?”

மகிழினி பரிதியின் பக்கம் திரும்பினாள்.

“இன்னொரு வழி இருக்குதுங்க. இந்த டிஸ்க்குல பாதிதான் நமக்குத் தொறந்து விட்டிருக்காங்க. மீதிப் பாதிய கம்பெனி பூட்டி வெச்சிருச்சு, பின்னாடி தனியா விக்கலாம்னு. இப்ப சில பேர் சேர்ந்து ஒரு டிஸ்க் மேனேஜர் எழுதியிருக்காங்க. அத இன்ஸ்டால் பண்ணினா பூட்டின பாதியையும் சேத்துக்கலாம். உள்ள இருக்கறதெல்லாம் கொஞ்சம் நகத்தி வரிசையா அடுக்கும். அவ்ளோதான். அண்ணனுக்கு இன்னும் பல வருஷத்துக்கு எடம் கிடைக்கும்.”

“ஆபத்து ஏதாவது?”

“இதுவரைக்கும் நான் போட்ட யாருக்கும் ஒண்ணும் ஆகலைங்க.”

நாற்காலியில் சாய்ந்திருந்த பரிதி கண்ணடித்தான். “போடச் சொல்லு மகிழ். என் தலையில காலியிடம் நெறைய இருக்குன்னு நீதான எப்பவும் சொல்லுவ.”

அடுத்த நாள் காலையில் தொடங்கினார்கள். திரையில் பச்சைப் பட்டை மெல்ல நீண்டது. பரிதி அரைத்தூக்கத்தில் இருந்தான். பட்டை பாதியைத் தாண்டி இன்னும் கொஞ்சம் போனது. அப்படியே நின்றது. ஷமீமா விசைப்பலகையில் எதையோ தட்டினாள். திரை முழுதும் நீலமாகி, வெள்ளை எழுத்துகள் ஓடி, இருண்டது. பரிதியின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. மகிழினி அலறிக்கொண்டு எழுவதற்குள் திரை மறுபடி உயிர்பெற்றது. அவன் கண் திறந்தான். இருவரையும் பார்த்தான். முகம் முழுக்கச் சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பை அவன் முகத்தில் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

“முடிஞ்சுதா? நலன் எங்க? வெளிய நிக்கறானா? உள்ள வரச் சொல்லு.”

ஷமீமா மகிழினியின் முழங்கையைப் பிடித்து வெளியே அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

“சிஸ்டம் கிராஷ் ஆயிருச்சுங்கக்கா. கிராஷ் ஆனா, டிஸ்க் பொருத்தின அன்னைக்கு எடுத்து வெச்ச மூலப் பிரதியில இருந்துதான் எழுந்திரிக்கும். அண்ணனுக்கு இப்ப அந்த நாள்தான் இன்னைக்கு. பயப்படாதீங்க, அதுக்கப்புறம் எழுதினது எல்லாம் பத்திரமா இருக்குது. திருப்பி இணைச்சிரலாம்.” பிறகு கேட்டாள். “நலன் யாருங்க?”

“எங்க பையன். மூத்தவன்.”

வட்டு பொருத்திய அன்று நலன் மருத்துவமனைக்கு வந்திருந்தான். இரண்டாம் வகுப்பு. அப்பாவின் தலைக்கட்டைப் பார்த்து பயந்து உள்ளே வரமாட்டேன் என்று தாழ்வாரத்திலேயே நின்றான். அடுத்த மாதம் டெங்கு வந்து, மூன்றே நாளில் போய்விட்டான்.

அவள் சொல்லி முடித்ததும் ஷமீமா ஒரு நாற்காலியை இழுத்து அவளை உட்காரவைத்தாள்.

“அக்கா, இத எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இணைக்கறதுக்கு முன்னாடி அண்ணன்கிட்ட நீங்க சொல்லிரணும். ஒண்ணுமே தெரியாத ஆளுக்குள்ள அஞ்சு வருஷம் ஒரே நேரத்துல எறங்கினா வலிப்பு வந்துரும். பெரிய விஷயம் எதுவோ, அத வீட்டு ஆளுங்க வாயால முதல்லயே சொல்லிரணும். அப்பத்தான் மனசு தாங்கும். கம்பெனில இருந்தப்பவே அதுதான் விதி.”

“நான் சொல்லணுமா?”

“நான் சொன்னா நம்ப மாட்டாருங்கக்கா.”

மகிழினி உள்ளே போனாள். நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அவன் கைகளைப் பிடித்துக்கொண்டாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் காய்ச்சலில் தொடங்கினாள். சாயங்காலம் லேசாக உடம்பு சுட்டது, காலையில் பள்ளிக்கூடம் போகவேண்டாம் என்றது, ரத்தம் ஏற்றியது, டாக்டர் வெளியே வந்து நின்றது. பரிதி முதலில் சிரித்தான். பிறகு கோபப்பட்டான். பிறகு அவளுடைய நரைத்த காதோரத்தைப் பார்த்தான். அதைத் தொட்டுப் பார்த்தான். அப்புறம் அவனிடமிருந்து வந்த சத்தத்தை அவள் முன்பு ஒரு முறை கேட்டிருந்தாள், மருத்துவமனைத் தாழ்வாரத்தில். அவன் அடங்கியதும் ஷமீமா பழைய நினைவுகளை இணைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் கண் விழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“என்ன மகிழ், ஆச்சா? ஏன் என் கண்ணெல்லாம் எரியுது?”

நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. எழுத இடமில்லாத வட்டு அதை எங்கோ ஓர் ஓரத்தில் ஒதுக்கிவிட்டிருந்தது. அவன் பழையபடி, மகன் போய் ஐந்து வருடம் ஆன ஒரு தகப்பனாகப் பக்கத்தில் நடந்து வந்தான்.

காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மென்பொருளைப் போட முடியாது. காரணத்தைக் கண்டுபிடிக்க மறுபடி போட்டுத்தான் பார்க்கவேண்டும். ஷமீமா முதலில் வட்டின் காவல் நிரலைச் சந்தேகப்பட்டாள். புதிதாக எது வந்தாலும் அது வைரஸ் என்று நினைத்துத் தடுக்கும் என்றாள். அதை நிறுத்திவிட்டு இரண்டாம் முறை ஓட்டினாள். பட்டை நீண்டது, நின்றது, திரை நீலமானது. பரிதி கண் திறந்து நலனைக் கேட்டான்.

இந்த முறை மகிழினி காய்ச்சலில் தொடங்கவில்லை. மருத்துவமனையிலிருந்து தொடங்கினாள்.

மூன்றாம் முறை, பழைய நிறுவனம் விட்டுப்போன டிரைவர் நிரல் ஒன்று புது மென்பொருளோடு மோதுகிறது என்று ஷமீமா அதை எடுத்துவிட்டுப் பார்த்தாள். அதே இடத்தில் நின்றது. அதே நீலம்.

“நலன் எங்க?”

“நலன் இறந்துட்டான். டெங்கு. அஞ்சு வருஷமாச்சு” என்றாள் மகிழினி.

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அவன் உடைந்து அழுதபோது முதுகைத் தடவிக்கொடுத்தாள். தடவிக்கொண்டே, பக்கத்து ஃபிளாட்டில் விட்டுவந்த செவ்வந்திக்கு அவர்கள் சாதம் ஊட்டியிருப்பார்களா என்று யோசித்தாள். யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்பது திடீரென்று உறைத்தது. கையை எடுத்தாள். அறைக்கு வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து, தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரிதியை இணைத்துத் தூங்கவைத்துவிட்டு ஷமீமா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இனிமே வேண்டாம் ஷமீமா. பாப்பாவுக்கு ஒரு ஆள் போட்டுப் பாத்துக்கறேன். இவரு மறந்துட்டே இருக்கட்டும்.”

“மறதி மட்டும்னா நானே விட்டுருங்கன்னு சொல்லிருவேன்க்கா. எழுத எடமில்லாத டிஸ்க் கொஞ்ச நாள்ல பழசு மேலேயே எழுத ஆரம்பிக்கும். எத அழிக்கும்னு யாருக்கும் தெரியாது. உங்கள அழிச்சாலும் அழிச்சிரும்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “காரணம் தெரிஞ்சுபோச்சுங்க.”

“என்ன?”

“மூணு தடவையும் ஒரே எடத்துலதான் நின்னுருக்குது. அந்த எடத்துல ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். கோளாறு இல்ல. டிஸ்க் நல்லாத்தான் இருக்குது. மென்பொருள் அந்த எடத்த நகத்தப் பாக்குது, நகர மாட்டேங்குது. ஏன்னா அத ஒருத்தரு எடுத்துப் படிச்சுட்டே இருக்காரு. ஆள் உக்காந்திருக்கற நாற்காலிய எப்படிங்க நகத்தறது?”

“யாரு படிக்கறா?”

“அண்ணன்தான்.”

மகிழினி அறைக்கதவைத் திரும்பிப் பார்த்தாள். ஷமீமாவே சொன்னாள்.

“தேதியப் பாத்தேன். பையன் போன நாளுங்க. பதிவை எல்லாம் பின்னாடி போய்ப் பாத்தேன்க்கா. அஞ்சு வருஷமா அது மூடவே இல்ல. பேசறப்ப, சாப்பிடறப்ப, தூங்கறப்ப. ஒரு நிமிஷம்கூட கீழ வைக்கல.”

மகிழினி சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். காரியம் முடிந்த வாரமே பரிதி நலனின் செருப்புகளை எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டான். அதற்கப்புறம் மகனின் பெயரை அவன் சொல்லி அவள் கேட்டதில்லை. செவ்வந்தி பிறந்த அன்றுகூடச் சொல்லவில்லை. இவனுக்கு எல்லாம் ஆறிவிட்டது, எனக்குத்தான் ஆறவில்லை என்று அவள் எத்தனையோ நாள் அவன் முதுகைப் பார்த்தபடி படுத்திருக்கிறாள். மனதுக்குள் அவனைத் திட்டியிருக்கிறாள். வட்டில் எழுதியது அழியாதே, அது இருந்துமா இப்படி என்று கசந்திருக்கிறாள்.

“அப்ப என்ன பண்றது?” என்று கேட்டாள்.

“அவரு கீழ வெச்சாத்தான் நகரும். அவரா வைக்க மாட்டாரு. ஆனா கிராஷ் ஆகி எழுந்திரிக்கறப்ப அவரு கையில அது இல்லையே. பையன் இருக்கான்னு நெனச்சுட்டிருக்கற அந்த நேரத்துல இன்ஸ்டால் பண்ணினா அந்த எடம் நகந்துரும். அதுக்கு…”

“அதுக்கு நான் சொல்லக்கூடாது.”

“சொல்லக்கூடாதுங்க. அவரு சந்தேகப்படாம பேசிட்டே இருக்கணும். பட்டை முடியற வரைக்கும்.”

அடுத்த வாரம் ஷமீமா வேண்டுமென்றே அவனுடைய வட்டைக் கிராஷ் ஆகவைத்தாள். மகிழினி தலைக்கு மை போட்டு வந்திருந்தாள். சுவரிலிருந்த நாட்காட்டியை ஷமீமா கழற்றியிருந்தாள். பரிதி கண் திறந்தான்.

“நலன் எங்க?”

“எங்க அம்மாகூட கீழ கடைக்குப் போயிருக்கான். வருவான்.”

“கட்டப் பாத்து பயந்துட்டான் இல்ல?”

“ஆமா. அப்பா தலையில யாரு பந்து ஒட்டி வெச்சதுன்னு கேக்கறான்.”

பரிதி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அவன் பார்க்காத பக்கத்தில் பச்சைப் பட்டை கிளம்பியது.

“அந்தப் பல்லு விழுந்துச்சா, ஆடிட்டிருந்ததே?”

“இன்னும் இல்ல. தொட விடமாட்டேங்கறான்.”

“இன்னைக்குச் சாயங்காலம் நான் புடுங்கறேன் பாரு. நூல் கட்டிக் கதவுல மாட்டிடலாம்.”

“போங்க, ஊரக் கூட்டிருவான்.”

முதலில் அவள் வார்த்தைகளைத் தேடித்தேடிப் பேசினாள். பிறகு தேடவேண்டியிருக்கவில்லை. நலன் சாம்பாரைத் தொடமாட்டேன் என்கிறான். நலன் கணக்கில் கெட்டி. நலனுக்குச் செருப்பு சின்னதாகிவிட்டது, இந்த மாதம் வாங்கவேண்டும். நலன் தூக்கத்தில் உதைக்கிறான். ஐந்து வருடமாக அவள் யாரிடமும் இப்படிப் பேசியதில்லை. ‘இருந்தான்’ என்றுதான் பேசமுடிந்தது. இப்போது ‘இருக்கிறான்’ என்று சொல்ல, அதை நம்புகிற ஒரு மனிதன் எதிரில் உட்கார்ந்து மேலே மேலே கேட்டுக்கொண்டிருந்தான். தானும் சிரித்துக்கொண்டிருப்பதை மகிழினி உணர்ந்தாள். பட்டை அந்த இடத்தை எப்போது தாண்டியதென்றுகூட அவள் பார்க்கவில்லை. ஷமீமா மேசைக்குக் கீழே அவள் காலை லேசாகத் தட்டி, முடிந்தது என்று கண்ணால் காட்டியபோது, இவ்வளவு சீக்கிரமா என்றிருந்தது.

வெளியே வந்தார்கள்.

“போட்டாச்சுங்க. எல்லாம் வரிசையா அடுக்கியாச்சு, பூட்டின பாதியும் தொறந்தாச்சு. இனி இணைக்கணும்.” ஷமீமா தயங்கினாள். “இன்னொண்ணு சொல்லணும்க்கா. இணைக்காமலும் விடலாம். அந்த அஞ்சு வருஷத்த அப்படியே தனியா மூடி வெச்சிட்டு, அண்ணன் இன்னைக்கு இருக்கற மாதிரியே மேல வாழலாம். புதுசா நடக்கறது எல்லாம் நல்லா எழுதும். பையன் விஷயத்த நீங்க என்னைக்காவது மெதுவா சொல்லிக்கலாம். ஆனா…”

“பாப்பாவ அவருக்குத் தெரியாது.”

“தெரியாதுங்க.”

மகிழினி கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பரிதி ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி கால்விரலை ஆட்டிக்கொண்டிருந்தான். அவனை அப்படியே வீட்டுக்குக் கூட்டிப்போய்விடலாம். மகன் இருக்கிற ஒருவனை. குழந்தைக்கு அப்பா வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அது உண்மைதான். ஆனால் அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. நலன் போனதை இந்த உலகத்தில் தன்னோடு சேர்ந்து அறிந்தவன் ஒருவன்தான். அவனும் போய்விட்டால் அது தனக்கு மட்டும் நடந்ததாகிவிடும். அதை அவளால் தனியாகத் தாங்கமுடியாது.

“இணைச்சுரு” என்றாள்.

உள்ளே போய் மறுபடி சொன்னாள்.

அவன் மீண்டும் விழித்தபோது ஷமீமாதான் முதலில் பேசினாள். “நல்லபடியா முடிஞ்சுதுங்கண்ணா. இனி நெறைய எடம் இருக்குது. ஒண்ணும் விட்டுப்போகாது.”

பரிதி தலையசைத்தான். நன்றி சொன்னான். மகிழினியின் முகத்தை வெகுநேரம் பார்த்தான்.

வீடு திரும்பும்போது ஓட்டுநரில்லாமல் தானே ஓடும் ஆட்டோவின் பின்சீட்டில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். லட்சுமி மில் சிக்னலில் வண்டி நின்றது.

“நாலு தடவை சொன்ன” என்றான் பரிதி.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

“எல்லாம் இருக்கு மகிழ். ஓரத்துல கெடந்தது எல்லாம் இப்ப வந்து சேர்ந்துருச்சு. எடம் கெடச்சிருச்சு இல்ல? முதல் தடவை காய்ச்சல்ல இருந்து சொன்ன. மூணாவது தடவை ஒரு வரியில சொன்ன. நாலாவது தடவை என் முகத்தயே பாக்கல.” அவன் குரலில் கோபம் இல்லை. “ஒவ்வொரு தடவையும் இன்னைக்குத்தான் செத்த மாதிரி இருக்கு.”

“எனக்கு வேற வழி தெரியலைங்க.”

“அதுக்கு முன்னாடி நீ பேசிட்டிருந்த பாரு, பல்லு, செருப்புன்னு…” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “அங்கயே விட்டுருக்கலாம் நீ.”

பச்சை விழுந்தது. ஆட்டோ நகர்ந்தது.

ஷமீமா சொன்னபடியே அதன்பிறகு அவன் எதையும் மறக்கவில்லை. பாப்பாவைக் குளிப்பாட்டினான், பால் காய்ச்சினான், மருந்து நேரம் தவறாமல் கொடுத்தான். வாங்கவேண்டிய சாமான்களை அவள் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஆனால் நின்ற இடத்தில் நின்றுவிடுவான். குக்கர் கத்திக்கொண்டிருக்கும், அவன் சுவரைப் பார்த்தபடி இருப்பான். ஐந்து வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்திருந்த துக்கத்தின் மேல் நான்கு புதுத் துக்கங்கள் வந்து உட்கார்ந்திருந்தன. சோறு இறங்கவில்லை. செவ்வந்தி மடியில் ஏறினால் அணைத்துக்கொள்வான், அணைத்தபடியே கண்ணை மூடிக்கொள்வான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கைபேசியில் அவளுக்கு ஒன்றைக் காட்டினான். டிஸ்க் மேனேஜரின் திரை. நீளமான இரண்டு பட்டைகள், ஒன்று மஞ்சள், ஒன்று ஊதா.

“மஞ்சள்தான் மூலப் பிரதி. ஊதா, அதுக்கப்புறம் நடந்தது எல்லாம். நலன் போனது, பாப்பா பொறந்தது, ரெண்டும் ஒண்ணாத்தான் கெடக்கு. ஷமீமாவுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டேன். அத மட்டும் தனியா வெட்ட முடியாதாம். ஒண்ண எடுத்தா எல்லாம் போயிருமாம்.”

“எதுக்குக் கேட்டீங்க?”

“சும்மாத்தான்.”

“முன்னாடி இதெல்லாம் கைபேசியில தெரியாதே.”

“முன்னாடி முடியாது. இப்ப முடியும். மேனேஜர் போட்டிருக்கோம்ல.”

அவள் கைபேசியைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தாள். “நான் ஒருத்தி இருக்கேங்க. பாப்பா இருக்கா.”

“இருக்கீங்க” என்றான் பரிதி. “சரி. விடு.”

அவன் விட்டுவிட்டதாகத்தான் அவள் நம்பினாள். நம்பவேண்டியிருந்தது.

அதற்கடுத்த வாரத்தில் ஒரு மத்தியானம் மில்லுக்கு ஃபோன் வந்தது. “இன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வர முடியுமா மகிழ்? பாப்பா தூங்குது. பக்கத்து ஃபிளாட்டு அக்காவ கூப்பிட்டு ஹால்ல உக்கார வெச்சிருக்கேன். நீ வர்ற வரைக்கும் இருப்பாங்க.” குரல் தெளிவாக இருந்தது. ஏன் என்று அவள் கேட்பதற்குள் வைத்துவிட்டான். அவள் திரும்பத் திரும்ப அழைத்தாள். எடுக்கவில்லை.

அவள் ஓடி வந்தபோது பக்கத்து ஃபிளாட்டு அம்மாள் குழப்பத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். “என்னம்மா உங்க வீட்டுக்காரரு ஒரு மாதிரி பேசறாரு? என்னயப் பாத்து, புதுசாக் குடி வந்தீங்களான்னு கேக்கறாருங்க.”

பரிதி சோபாவில் உட்கார்ந்திருந்தான். செவ்வந்தி தூங்கி எழுந்து அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் அவள் கன்னத்தைச் செல்லமாகத் தட்டிக்கொண்டிருந்தான். சோபாவில் கைபேசி கிடந்தது. திரையில் மஞ்சள் பட்டை மட்டும் இருந்தது. மற்றதெல்லாம் வெள்ளையாக, காலியாக.

“வா மகிழ். ஆஸ்பத்திரியில இருந்து எப்ப வந்தோம்? தூங்கிட்டேன் போல இருக்கு.” சுற்றும் பார்த்தான். “சுவருக்கு எப்ப பெயின்ட் அடிச்ச?” பிறகு குழந்தையைக் காட்டி, “யாரு பாப்பா இது? என்னயப் பாத்து அப்பா அப்பாங்குது” என்று சிரித்தான்.

மகிழினி கைப்பையைக் கீழே வைத்தாள். குழந்தையைத் தூக்கினாள். அது திமிறி அவனிடமே தாவியது. அவன் வாங்கிக்கொண்டு, சின்னக் குழந்தையை எடுத்துப் பழகியவனுடைய லாவகத்தோடு இடுப்பில் வைத்துக்கொண்டான்.

“பக்கத்து வீட்டுப் பாப்பாவா?”

“ஆமாங்க” என்றாள்.

“நலன் ஸ்கூல் விட்டு வர்ற நேரமாச்சே. பஸ் வந்திருக்கும். நான் போய்க் கூட்டிட்டு வரட்டுமா?” எழப்போனான்.

சொல்லிவிட வாயைத் திறந்தாள். ஒரு வரிதான். மூன்றாம் முறை அப்படித்தான் சொன்னாள், வந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது.

“நீங்க வெய்யில்ல போகாதீங்க. பாப்பாவப் பாத்துக்குங்க. நான் போறேன்.”

படியிறங்கித் தெருமுனைக்கு வந்தாள். வேப்பமரத்தடியில் இரண்டு மூன்று தாய்மார்கள் குடை பிடித்து நின்றார்கள். அவளும் போய் நின்றாள். மஞ்சள் பேருந்து வந்து மூச்சுவிட்டு நின்றது. குழந்தைகள் பைகளோடு குதித்து இறங்கி, அவரவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கதவை மூடப்போன ஆயா, தனியாக நிற்கிற அவளைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள்.

“யாருக்காக நிக்கறீங்க? பையன் பேரென்னங்க?”

“நலன். ரெண்டாங்கிளாஸ்.”

ஆயா உள்ளே திரும்பிக் காலியான இருக்கைகளைக் கடைசிவரை பார்த்தாள்.

“அப்படி யாரும் இந்த பஸ்ல வர்றதில்லைங்களே.”

“தெரியுங்க” என்றாள் மகிழினி.